புல்லட்டின் பூர்வீக ஊரில் ஒரு வாள் தேடல்!

லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் வடக்கே போகும் லோக்கல் ரயிலைப் பிடித்தால், சுமார் அரை மணி நேரத்தில் ‘என்ஃபீல்ட் லாக்’ என்ற சின்ன ஸ்டேஷன் வரும். இறங்குபவர்களில் பெரும்பாலானோர் வீடு திரும்பும் உள்ளூர்க்காரர்கள். கையில் சூப்பர் மார்க்கெட் பை, காதில் ஹெட்போன். ஆனால் எப்போதாவது ஒருவர் இறங்கி, பிளாட்பாரத்தில் நின்று, பெயர்ப் பலகையைப் போட்டோ எடுத்துக்கொள்வார். அவரை உள்ளூர்க்காரர்கள் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார்கள். துப்பாக்கிப் பைத்தியம். அல்லது கத்திப் பைத்தியம்.

1855-ல் திறந்தபோது இந்த ஸ்டேஷனின் பெயர் என்ஃபீல்ட் லாக் அல்ல, ‘ஆர்ட்னன்ஸ் ஃபேக்டரி’. ஸ்டேஷனை ஒட்டிய சாலைக்கு இன்றும் ‘ஆர்ட்னன்ஸ் ரோடு’ என்றுதான் பெயர். அந்தச் சாலையில் கிழக்கே நடந்தால் கால்வாய் வரும், தண்ணீர் மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகுகளைக் கடத்திவிடும் மதகு வரும். அந்த மதகுதான் ஊரின் பெயரில் இருக்கும் ‘லாக்’. அதைத் தாண்டினால், கால்வாய்க்கும் லீ ஆற்றுக்கும் நடுவில் தீவு மாதிரி ஒரு நிலம். 1816 முதல் 1988 வரை பிரிட்டிஷ் ராணுவத்துக்குத் துப்பாக்கி செய்த அரசுத் தொழிற்சாலை அங்கேதான் இருந்தது.

இந்தப் பெயரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? உங்கள் தெருவில் காலை ஆறு மணிக்கு ‘டுபு டுபு’ என்று கிளம்பும் புல்லட்டின் டேங்கைப் பாருங்கள். 1890-களில் ரெட்டிச் என்ற ஊரில் இருந்த ஒரு சைக்கிள் கம்பெனிக்கு, இந்தத் தொழிற்சாலைக்கு உதிரிபாகங்கள் செய்து தரும் ஆர்டர் கிடைத்தது. அந்தப் பெருமையில் தன் சைக்கிளுக்கு ‘ராயல் என்ஃபீல்ட்’ என்று பெயர் வைத்துக்கொண்டது. பீரங்கிச் சின்னம், ‘துப்பாக்கி போலத் தயாரித்தது’ என்ற விளம்பர வாசகம் எல்லாம் அந்த உறவில் வந்தவைதான். 1955-ல் அந்தப் பெயர் கப்பலேறி சென்னை வந்து, திருவொற்றியூரில் குடியேறியது. ஆக, வடசென்னைக்கும் வடக்கு லண்டனின் இந்தக் கால்வாய்க் கரைக்கும் ஒரு தூரத்துச் சொந்தம் உண்டு.

இப்போது அங்கே இருப்பது ‘என்ஃபீல்ட் ஐலண்ட் வில்லேஜ்’ என்ற குடியிருப்பு. தொழிற்சாலையை மூடியபிறகு நிலத்தில் வீடு கட்டி விற்றுவிட்டார்கள். தெருக்களில் ஒன்றுக்கு ‘மார்ட்டினி டிரைவ்’ என்று பெயர். மதுபானம் என்று நினைத்துவிட வேண்டாம், மார்ட்டினி - ஹென்றி துப்பாக்கி. நீளமான பழைய மெஷின் ஷாப் கட்டடம் மட்டும் மணிக்கூண்டோடு பத்திரமாக நிற்கிறது. 1850-களில் அமெரிக்காவுக்கு ஆள் அனுப்பி, இயந்திரங்களை வாங்கி வந்து இந்த ஷெட்டை எழுப்பினார்கள். அதற்கு முன்பு துப்பாக்கி என்பது கைவேலை. ஒரு துப்பாக்கியின் திருகாணி இன்னொன்றில் ஏறாது, ஒன்றுக்கு அரம் போட்டுப் பொருத்திய கத்தி இன்னொன்றில் மாட்டாது. எந்த பாகமும் எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்ற நிலையை பிரிட்டனில் பெரிய அளவில் கொண்டுவந்தது இந்த ஷெட்தான். உள்ளே தொழிற்சாலையின் கதையைச் சொல்லும் சிறிய கூடம் ஒன்று இருக்கிறது. எல்லா நாளும் திறந்திருக்காது, கேட்டுவிட்டுப் போவது நல்லது.

போட்டோ எடுத்தவர் வருவது அந்தக் கூடத்துக்கு மட்டுமல்ல. அவர் வீட்டு அலமாரியில் ஒரு பழைய கத்தி இருக்கும். அதன் கைப்பிடிக்கு மேலே, இரும்பில், ‘இஎஃப்டி’ என்று மூன்று ஆங்கில எழுத்துகள் குத்தியிருக்கும். என்ஃபீல்ட் என்பதன் சுருக்கம். அந்தக் கத்தி பிறந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகத்தான் வந்திருப்பார்.

கத்தியா, வாளா?

துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தியை நாம் பயோனெட் என்கிறோம். பழைய தமிழில் ‘துப்பாக்கிச் சனியன்’ என்று எழுதினார்கள். யார் வைத்த பெயரோ, எதிரில் நின்றவனுக்குப் பொருத்தமாகவே இருந்திருக்கும்!

பிரிட்டிஷ் பயோனெட்டில் இரண்டு ஜாதி. ஒன்று, குழாய் மாதிரி துப்பாக்கி முனையில் செருகும் முக்கோண ஊசி. குத்தத்தான் முடியும், வேறு எதற்கும் உதவாது. இன்னொன்று, கைப்பிடியோடு கூடிய முழு வாள். துப்பாக்கியில் மாட்டினால் ஈட்டி, கழற்றினால் வாள். சேகரிப்பாளர்கள் உயிரை விடுவது இந்த இரண்டாவது ரகத்துக்கு.

இதன் கதை 1800-ல், எசெக்கியல் பேக்கர் என்ற லண்டன் துப்பாக்கித் தச்சரிடம் தொடங்குகிறது. அவர் செய்த பேக்கர் ரைபிள் குறி தவறாது, ஆனால் குட்டையானது. குதிரைப்படை பாய்ந்து வரும்போது, நீண்ட மஸ்கட் வைத்திருக்கும் சிப்பாய்க்கு எட்டும் தூரம் ரைபிள்காரனுக்கு எட்டாது. துப்பாக்கியில் குறைந்த நீளத்தைக் கத்தியில் கூட்டினார்கள். பித்தளைப் பிடி, சுமார் இரண்டடி நீள அலகு. போர் இல்லாத நாட்களில் ரைபிள்காரர்கள் அதில் விறகு வெட்டினார்கள், இறைச்சியைக் குத்தித் தீயில் வாட்டினார்கள். அந்தப் பரம்பரையில் வந்த ‘தி ரைபிள்ஸ்’ படைப்பிரிவு இன்றும் பயோனெட்டை பயோனெட் என்று சொல்லாது. ‘வாள்’ என்றுதான் சொல்லும். கையில் இருப்பது ஒரு சாண் கத்தியாக இருந்தாலும் கட்டளை ‘வாளை மாட்டு!’ என்றுதான் வரும்.

அடுத்து வந்தது 1856 மாடல். பார்த்த கண் எடுக்க முடியாத அழகு இதற்குத்தான். துருக்கியரின் யத்தகான் வாளைப் போல அலகு முதலில் கீழே வளைந்து, நுனிக்குப் போகும்போது மேலே நிமிரும். பிரெஞ்சுக்காரர்கள் ஏற்கெனவே இப்படி ஒன்றை வைத்திருந்தார்கள். அதைப் பார்த்து பிரிட்டிஷாரும் செய்துகொண்டார்கள். கட்டம் கட்டமாக அழுத்திய கறுப்புத் தோல் பிடி, கிட்டத்தட்ட 23 அங்குல அலகு. பிரிட்டிஷ் வாள் என்று ஆசையாக வாங்கியவர் அலகை உற்றுப் பார்த்தால், அதில் ஒரு வீரனின் கவசத் தலை முத்திரை குத்தியிருக்கும். ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்து கிர்ஷ்பாம் கம்பெனியின் அடையாளம் அது. உள்நாட்டில் செய்து மாளாமல், அங்கே கொடுத்து வாங்கினார்கள். பேரரசின் வாளே இறக்குமதிச் சரக்கு!

பிறகு ஒரு தலைகுனிவும் வந்தது. 1885 ஜனவரி 17-ம் தேதி, சூடான் பாலைவனத்தில் அபு கிளியா என்ற இடத்தில் கைகலப்புச் சண்டை. துப்பாக்கிகள் அடைத்துக்கொண்டன. கத்தியை நம்பியவர்களுக்குக் கத்தி வளைந்துகொடுத்தது. செய்தி லண்டனை எட்டியதும் பத்திரிகைகள் கிழித்தன, நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. கிடங்குகளில் இருந்த பயோனெட்டுகளை மறுபடி சோதித்தார்கள். இதைச் சேகரிப்பாளர்கள் சும்மா கதையாகச் சொல்வதில்லை. பிற்காலத்து அலகுகளில் கைப்பிடிக்கு அருகே ‘எக்ஸ்’ எழுத்துபோல ஒரு பெருக்கல் குறி இருக்கும். அலகை வளைத்துப் பார்த்து, பழையபடி நேராக நிமிர்ந்தது என்பதற்கான குறி அது. ஒரு சிப்பாயின் உயிர் அந்தக் குறியில் இருந்தது.

17 அங்குலம்

எந்தப் பழம்பொருள் சந்தையிலும் அதிகம் கண்ணில் படுவது 1907 மாடல். அலகு மட்டும் 17 அங்குலம். வால்நட் மரப்பிடி, இரண்டு திருகு, எடை சுமார் அரைக் கிலோ. இதன் துணை, நம்மூரில் ‘த்ரீ நாட் த்ரீ’ என்று பெயர் பெற்ற லீ - என்ஃபீல்ட். இந்த ‘லீ’, தொழிற்சாலையைச் சுற்றி ஓடும் லீ ஆறு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை, ஜேம்ஸ் பாரிஸ் லீ என்ற கண்டுபிடிப்பாளரின் பெயர்.

1907-ல் நடந்ததும் பேக்கர் கதையேதான். புதிய துப்பாக்கி குட்டை, அதனால் கத்தி நீளம். முந்தைய 12 அங்குல அலகை 17 ஆக்கினார்கள். இந்த முறை பார்த்து எழுதிய பரீட்சைத் தாள் ஜப்பானுடையது. அவர்களின் அரிசாகா ரைபிளின் கத்தியில் குறுக்குக் கம்பியின் ஒரு முனை கொக்கிபோல முன்னே வளைந்திருக்கும். எதிரியின் கத்தியை அதில் சிக்கவைத்துத் திருகிவிடலாம் என்று நினைப்பு. நடைமுறையில் அந்தக் கொக்கி வேண்டாததில் எல்லாம் போய் மாட்டிக்கொண்டது. 1913-ல், இனி கொக்கி வேண்டாம் என்று உத்தரவு வந்தது. பழைய கத்திகள் பழுதுபார்க்க வந்தபோது கொக்கிகளை வெட்டி எறிந்தார்கள்.

வெட்டி எறிந்த அந்த அங்குல இரும்புக்குத்தான் இன்று மவுசு. கொக்கி உள்ள 1907, சாதாரணமானதைவிடப் பல மடங்கு விலை போகும். விலை ஏறினால் வித்தை வராமல் இருக்குமா? சாதாரணக் கத்தியில் புதிதாகக் கொக்கியை வெல்டிங் வைத்து, அமிலம் தடவி, துருவேற்றி, ‘தாத்தா சொத்து’ என்று விற்கும் கைங்கரியம் நடக்கிறது. ஏமாறாமல் இருக்க ஒரே வழி, இரும்பைப் படிக்கக் கற்றுக்கொள்வது.

படிப்பது என்றால் உண்மையாகவே படிப்பதுதான். அலகின் ஒரு பக்கத்தில் கிரீடம், அதன் கீழ் ராஜாவின் எழுத்து. ‘இஆர்’ என்றால் எட்வர்ட், ‘ஜிஆர்’ என்றால் ஜார்ஜ். அடுத்து 1907 என்ற எண். முதல்முறை வாங்குபவர் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. “நூறு வருஷத்துக்கு மேல பழசு சார், 1907-லேயே செஞ்சது” என்று பெருமையாகக் காட்டுவார். அது மாடலின் பெயர், செய்த வருடம் அல்ல. செய்த மாதமும் வருடமும் அதன் கீழே சின்னதாக இருக்கும். ‘5 17’ என்றால் 1917 மே. அதற்கும் கீழே செய்தவர் பெயர்.

பெயர்களில் முதலிடம் வில்கின்சன். ஆமாம், அதே ஷேவிங் பிளேடு வில்கின்சன்தான். வாள் செய்து, பின்பு ரேசர் செய்து, கடைசியில் 2005-ல் லண்டன் ஆக்டனில் இருந்த வாள் தொழிற்சாலையை மூடியது. ஷெஃபீல்டின் சாண்டர்சன், சாப்மன், பர்மிங்ஹாமின் மோல் ஆகிய பெயர்களும் உண்டு. விக்கர்ஸ் பெயர் இருந்தால் சேகரிப்பாளரின் குரல் கொஞ்சம் நடுங்கும். அவர்கள் செய்தது மிகக் குறைவு. அமெரிக்காவின் ரெமிங்டன் பெயரும் வரும். மரப்பிடியில் குறுக்கே இரண்டு கோடு வெட்டியிருந்தால் அது 1907 அல்ல, 1913 மாடல், வேறு துப்பாக்கிக்கானது. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஒன்றின் துப்பாக்கியில் மற்றது மாட்டாது. குழப்பம் வராமல் இருக்கத்தான் அந்தக் கோடுகள்.

அலகின் மறுபக்கத்தில் அம்புக்குறி இருக்கும். அரசாங்கச் சொத்து என்று அர்த்தம். இரண்டு அம்புகள் நுனியோடு நுனி முட்டி நின்றால், ராணுவம் கழித்துவிட்டு முறைப்படி விற்றுவிட்டது என்று அர்த்தம்.

உப்புத்தாள் என்ற எமன்

இந்தப் பொழுதுபோக்கில் அதிக நாசம் செய்தது திருடனோ துருவோ அல்ல. ஞாயிற்றுக்கிழமை மதியம் கையில் உப்புத்தாளோடு உட்காரும் நல்ல மனிதர். கறுத்துப்போன அலகைக் கண்ணாடிபோல ஆக்கிவிட வேண்டும் என்ற ஆசையில் தேய்ப்பார். கிரீடம் போகும், மாதம் போகும், எக்ஸ் போகும். மாலையில் பளபளவென்று ஊரும் பேரும் இல்லாத ஓர் இரும்பு மிஞ்சும். விவரம் தெரிந்தவர்கள் செய்வது இவ்வளவுதான்: லேசான எண்ணெய், மென்மையான துணி, கையுறை. தோல் உறைக்குள்ளேயே வருடக்கணக்கில் வைக்கமாட்டார்கள், தோல் ஈரத்தை இழுத்து அலகை அரித்துவிடும்.

உப்புத்தாள் அழிப்பதில் மிகவும் வலிப்பது பிடியின் நுனியில் உள்ள குறிகள். அங்கேதான் படைப்பிரிவின் சுருக்கெழுத்தும் ஒரு வரிசை எண்ணும் இருக்கும். 356 என்று ஓர் எண் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பிரிவில் யாரோ ஒருவரிடம் அந்தக் கத்தி இருந்தது. இடுப்பில் தொங்கியது, பதுங்குகுழியில் தலைமாட்டில் கிடந்தது. யார் அவர்?

இந்தக் கேள்விதான் பலரை வெறும் பொருள் சேர்ப்பவர் என்ற இடத்தில் இருந்து நகர்த்துகிறது. லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய்த் தேடுகிறார்கள். அங்கே ஒரு சுவர் வந்து முட்டுகிறது. 1940 செப்டம்பரில் ஜெர்மனி போட்ட குண்டில், முதல் உலகப் போர் சிப்பாய்களின் பணிப் பதிவேடுகள் இருந்த கிடங்கு எரிந்தது. பாதிக்கும் மேல் சாம்பல். மீந்தவற்றிலும் ஓரம் கருகிய, தண்ணீர் குடித்த தாள்கள் நிறைய. ‘எரிந்த ஆவணங்கள்’ என்றே அந்தத் தொகுப்புக்குப் பெயர். அப்படியே பதிவேடு கிடைத்தாலும், 356-ம் எண் கத்தி யாருக்குப் போனது என்று அதில் எழுதியிருக்காது. எண் இருக்கிறது, ஆள் இல்லை. சிலர் அத்தோடு விட்டுவிடுவார்கள். சிலர் அந்தப் பிரிவு அந்த மாதம் எந்த ஊரில் இருந்தது, எத்தனை பேர் திரும்பவில்லை என்று படித்துக்கொண்டே போவார்கள்.

இன்னொரு உண்மையும் அந்தப் படிப்பில் தட்டுப்படும். இத்தனை லட்சம் பயோனெட் செய்த அந்தப் போரில், மருத்துவமனைக்கு வந்த பிரிட்டிஷ் காயங்களில் பயோனெட் காயம் ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. குண்டும் ஷெல்லும்தான் கொன்றன. பயோனெட் பெரும்பாலும் டின் திறந்தது, சுவரில் செருகிப் பை மாட்ட உதவியது. ஆனாலும், மாட்டச் சொல்லிக் கட்டளை வரும்போது உண்டாகும் பயம் இரு பக்கமும் நிஜம். கத்திக் குத்து வாங்கியவர் மருத்துவமனைவரை வந்து சேர்ந்திருப்பாரா என்பதும் யோசிக்க வேண்டியதுதான்.

நியூவ் ஷப்பல்

எப்போதாவது அது நடக்கவும் செய்தது. 1915 மார்ச் 10, பிரான்ஸில் நியூவ் ஷப்பல். இந்தியப் படை பெரும் பங்கெடுத்த தாக்குதல். 39-ம் கர்வால் ரைபிள்ஸின் கபர் சிங் நேகி, பயோனெட்டும் கையெறி குண்டுமாகப் போன குழுவில் ஒருவர். ஜெர்மன் பதுங்குகுழியின் ஒவ்வொரு திருப்பத்திலும் முதல் ஆளாக நுழைந்தவர் அவர். எதிரிகள் சரணடைந்தார்கள், அவர் அந்தச் சண்டையிலேயே இறந்தார். மறைவுக்குப் பின் விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். அந்த ஊரில் இன்று இந்திய வீரர்களுக்கான நினைவுச் சின்னம் நிற்கிறது. கல்லறை இல்லாமல் போன 4,700-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. பயோனெட் சேகரிப்பவர்கள் பிரான்ஸ் பக்கம் போனால் தவறவிடக் கூடாத இடம்.

இந்தியத் தொடர்பு இரும்பிலேயே பதிந்த கத்திகளும் உண்டு. கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் இச்சாப்பூர். பழைய வெடிமருந்து ஆலை இருந்த இடத்தில் 1904-ல் ரைபிள் தொழிற்சாலை வந்தது. அங்கே செய்த பயோனெட்டில் ‘ஆர்எஃப்ஐ’ என்று இருக்கும். ராஜாவின் எழுத்தும் மாறும். ‘ஜிஆர்’ அல்ல, ‘ஜிஆர்ஐ’. கடைசி எழுத்து ‘இம்பரேட்டர்’, அதாவது சக்கரவர்த்தி. இங்கிலாந்துக்கு அவர் ராஜா, நமக்குச் சக்கரவர்த்தி!

இரண்டாம் உலகப் போரில், இவ்வளவு நீளம் எதற்கு என்று இச்சாப்பூரில் 17 அங்குலத்தை 12 ஆக வெட்டினார்கள். புதிதாகச் செய்ததும் குட்டையாகவே வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் அந்த வகை, ரைபிளோடு சேர்ந்து நம் போலீஸ் கிடங்குகளில் பல காலம் இருந்தது. ஆங்கிலேய சேகரிப்பாளர்கள் முன்பு இந்தக் குட்டைக் கத்திகளை ‘வெட்டுப்பட்டது’ என்று ஒதுக்கினார்கள். இப்போது அவற்றுக்கென்றே தனியாகத் தேடுபவர்கள் இருக்கிறார்கள். ஒதுக்கியவர்களுக்குத்தான் நஷ்டம்.

தொட்டியா, அலமாரியா?

பிரிட்டனில் இன்று இந்தப் பொழுதுபோக்கு நிம்மதியானது அல்ல. தெருவில் கத்திக் குத்து அங்கே அன்றாடத் தலைப்புச் செய்தி. பிள்ளைகளை இழந்த குடும்பங்கள் கேள்வி கேட்கின்றன. சட்டம் வருடத்துக்கு வருடம் இறுகுகிறது. தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்தில் கத்தி வைத்திருந்தால் 1988-ம் வருடச் சட்டப்படி குற்றம். 50 சென்டிமீட்டருக்கு மேல் நீளமான வளைந்த வாள்களின் விற்பனைக்கு 2008-ல் தடை வந்தது. நூறு வருடம் தாண்டிய பழம்பொருளுக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கு இல்லையென்றால் நம் யத்தகான் அழகியும் அந்த வலையில் சிக்கியிருப்பாள். 2019 சட்டம் வந்தபின், ஆன்லைனில் கத்தி விற்றால் வாங்குபவர் 18 வயது தாண்டியவர்தானா என்று பார்த்தே ஆக வேண்டும்.

அதனால் ஆயுதக் கண்காட்சியில் வாங்கியவர், கத்தியைச் சுற்றிக் கட்டி, ரசீதோடு காரின் டிக்கியில் வைத்து, வழியில் எங்கும் நிறுத்தாமல் நேராக வீட்டுக்குப் போகிறார். ரயிலில் திரும்புபவர்கள் யோசித்துத்தான் வாங்குகிறார்கள்.

சிக்கல் வருவது வீடுகளில். தாத்தா இறந்துவிட்டார். பரணைச் சுத்தம் செய்யும்போது, கம்பளியில் சுற்றிய ஒரு பயோனெட் கிடைக்கிறது. வீட்டில் சின்னப் பிள்ளைகள். வைத்துக்கொள்ளப் பயம், விற்கத் தயக்கம். அந்த வாரம்தான் போலீஸ், ‘கத்திகளைக் கேள்வியில்லாமல் ஒப்படையுங்கள்’ என்று தொட்டி வைத்திருக்கிறது. சமையல் கத்திகளுக்கும் சினிமா பாணி வாள்களுக்கும் நடுவில் அதுவும் விழுகிறது. தொட்டியில் விழுபவை பெரும்பாலும் உருக்கப்படும்.

சேகரிப்பாளர்கள் பதறுவது இங்கேதான். “அருங்காட்சியகத்தையாவது ஒரு வார்த்தை கேளுங்களேன்” என்பது அவர்கள் வாதம். தாயின் பக்கம் நின்று பார்த்தாலோ, அவளுக்குப் படைப்பிரிவின் எண்ணும் மாதமும் முக்கியமில்லை. வீட்டில் 17 அங்குலக் கத்தி இருப்பதுதான் முக்கியம். அவள் நினைப்பதிலும் தப்பில்லை. நடு வழியாக, சில குடும்பங்கள் குறிகளைப் போட்டோ எடுத்து, தாத்தாவின் பெயரையும் பிரிவையும் ஒரு தாளில் எழுதி, அந்தப் பிரிவின் அருங்காட்சியகத்துக்குக் கத்தியோடு கொடுத்துவிடுகின்றன. அப்படிப் போகும் கத்திகளில்தான் எண்ணோடு ஆளும் சேர்ந்திருக்கிறார்.

ஒரு எச்சரிக்கை, நம்மவர்களுக்கு. அங்கே சந்தையில் பார்த்து ஆசைப்பட்டு, பெட்டியில் போட்டு ஊருக்குக் கொண்டுவரலாம் என்று நினைக்க வேண்டாம். இந்தியாவின் ஆயுத விதிகளில் பயோனெட் பெயர் சொல்லியே இருக்கிறது. சுங்கத்தில் நின்று சிப்பாய் வரலாறு சொல்லிப் பயனில்லை. ஏற்கெனவே உங்கள் வீட்டுப் பரணில் ஒன்று இருந்தால், உங்கள் மாவட்டத்தில் அதற்கு உரிமம் தேவையா என்று முறைப்படி கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நூறு வருடம் தாண்டிய பொருள் என்றால் 1972 தொல்பொருள் சட்டமும் வரும், வெளிநாட்டுக்கு விற்க முடியாது. ஆயுதங்களை வெறுமனே பார்க்க ஆசை என்றால் செயின்ட் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் அதற்கென ஒரு பகுதியே இருக்கிறது.

லீட்ஸில் கடைசி நிறுத்தம்

பிரிட்டன் போகிறவர்கள் ஒரே ஒரு இடத்தில்தான் பார்க்க முடியும் என்றால், லண்டனை விட்டுவிட்டு லீட்ஸ் போகலாம். ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகம், 1996-ல் திறந்தது. நுழைவுக் கட்டணம் கிடையாது. எட்டு பக்கச் சுவர் கொண்ட ‘ஹால் ஆஃப் ஸ்டீல்’ என்ற கோபுரத்தில், சுவர் முழுக்க சுமார் 2,500 ஆயுதங்களையும் கவசங்களையும் பூக்கோலம்போல அடுக்கியிருக்கிறார்கள். கீழே நின்று அண்ணாந்தால் கழுத்து வலிக்கும். பிள்ளைகள் வாயைப் பிளந்து நிற்பார்கள்.

ஆனால் என்ஃபீல்டில் பெயர்ப் பலகையைப் போட்டோ எடுத்த அந்த ஆளின் மனசு இந்த ஹாலில் இருக்காது. பக்கத்தில் உள்ள தேசியத் துப்பாக்கி மையத்தில் இருக்கும். அது எல்லோருக்கும் திறப்பதில்லை. ஆய்வு என்று முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்க வேண்டும். என்ஃபீல்டில் ‘பேட்டர்ன் ரூம்’ என்று ஓர் அறை இருந்தது. ராணுவம் ஒரு ஆயுதத்தை ஏற்றுக்கொண்டதும், அச்சு அசலாகச் சரியான ஒரே ஒரு மாதிரியைச் செய்து, சீட்டு கட்டி, அரக்கு முத்திரை வைத்து அந்த அறையில் வைத்துவிடுவார்கள். வில்கின்சனோ, சாண்டர்சனோ, யார் செய்தாலும் அந்த மாதிரிக்கு ஒத்துப்போக வேண்டும். ‘1907 பேட்டர்ன்’ என்ற பெயருக்கே அதுதான் அர்த்தம். என்ஃபீல்டை மூடியபோது அந்த அறை நாட்டிங்ஹாம் போய், பின்பு லீட்ஸுக்கு வந்து சேர்ந்தது.

அனுமதி கிடைத்து உள்ளே போகிறவர்கள் கையுறை போட்டுக்கொள்கிறார்கள். அரக்கு முத்திரை தொங்கும் மாதிரி ஒன்றை மேசையில் வைத்தால், முதலில் பிடியின் நுனியைத் திருப்பிப் பார்ப்பார்கள். பழக்க தோஷம். படைப்பிரிவின் பெயரோ வரிசை எண்ணோ அங்கே இருக்காது. இது எந்தச் சிப்பாயின் இடுப்புக்கும் போகாத கத்தி.